நட்சத்திரம் போட்டுத் தருகிறேன் என்கிறாரே, அக்கா?

வாசகர் கேள்வி பதில்: இணையத்தளமும் தேடுபொறியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி: "போன மாதம் வரை இருந்தது, இப்போது காணோம்." நட்சத்திரத்தைக் காணோம், கேள்வி பதிலைக் காணோம், வாடிக்கையாளரைக் காணோம். காணாமல் போனவர்கள் பகுதி நடத்துகிறவள் போல் ஆகிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மசாலாக் கடையின் மாடியறையில் இருந்துகொண்டு சிறுகடைக்காரர்களின் இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவள். கம்ப்யூட்டர் படித்தவர்களின் தோரணை என் பதிலில் இருக்காது. கீழே மிளகாய் அரைக்கும் நேரத்தில் எழுதியதால் காரம் சற்றுக் கூடியிருக்கலாம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரும் தொழிலும் மட்டும் தருகிறேன்.

பூக்கடைக்காரர், ஜார்ஜ்டவுன்: அக்கா, குயின் ஸ்திரீட் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறேன். ஒருவர் வந்து, கூகுளில் தேடினால் என் தளத்தின் பெயருக்குக் கீழே ஐந்து மஞ்சள் நட்சத்திரமும், அதற்குக் கீழே கேள்வி பதில் பட்டியலும் வரவைக்கிறேன், 800 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், தம்பி. அந்தக் காசுக்கு மல்லிகை வாங்கிப் போட்டால் வாடுவதற்குள் பாதியாவது விற்கும்.

அவர் விற்க வந்த இரண்டுமே காலாவதியான சரக்கு. கடைக்காரர் தன் தளத்திலேயே தன் கடைக்கு மதிப்பெண் போட்டு, அதை தேடுபொறி படிப்பதற்கென்று எழுதும் ஸ்கீமா என்ற குறிமொழியில் எழுதிவைத்தால் தேடல் முடிவில் நட்சத்திரம் மின்னிய காலம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையே தன் நடத்தைக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்வது போல. 2019 செப்டம்பரில் கூகுள் அதை நிறுத்தியது. கடையோ நிறுவனமோ தன்னைப் பற்றித் தன் தளத்தில் வைத்துக்கொள்ளும் மதிப்புரைக்கு நட்சத்திரம் காட்டுவதில்லை என்று அறிவித்தது. சமையல் குறிப்புக்கும் விற்பனைப் பொருளுக்கும் இன்றும் வரும், பூக்கடைக்கு வராது. கூகுள் வரைபடத்தில் உங்கள் கடைப் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் நட்சத்திரம் வேறு சங்கதி. அது வாடிக்கையாளர்கள் கூகுளிலேயே போட்டது. அதையும் கூட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னால், பொய் மதிப்புரை எழுதப்போகிறார் என்று பொருள். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி பதில் பட்டியல் விஷயத்தில் நானே பாவி. 2022-இலும் 2023 தொடக்கத்திலும் பதினொரு கடைகளின் தளங்களில் அந்தக் குறிமொழியை எழுதிக்கொடுத்தேன், கடைக்கு 150 வெள்ளி வாங்கிக்கொண்டு. அழகாகத்தான் வந்தது. கடைப் பெயருக்குக் கீழே இரண்டு கேள்விகள் மடித்துவைத்த விசிறி போல் நிற்கும். விரல் வைத்தால் விரியும். 2023 ஆகஸ்டில் கூகுள் சொன்னது: இனி பெயர்பெற்ற அரசாங்கத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டுமே இது தெரியும். சில நாட்களில் என் பதினொன்றும் மறைந்தன. ஒரு நகைக்கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார்: "அக்கா, காசு வாங்கிக்கொண்டு கட்டிய தோரணத்தை யார் அவிழ்த்தது?" என்ன சொல்ல? மூன்று பேருக்கு மறு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொடுத்தேன். மற்றவர்கள் கவனிக்கவேயில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அந்தப் பட்டியலால் கடைகளுக்கு ஏதாவது நன்மை கிடைத்ததென்றால் அது பதில் நன்றாக இருந்ததால் கிடைத்ததல்ல. இரண்டு கேள்வி அளவுக்குத் திரையை அடைத்துக்கொண்டு பக்கத்துக் கடையைக் கீழே தள்ளியதால் கிடைத்தது. நடைபாதையில் சாமானைப் பரப்புவது மாதிரி. நகராண்மை வண்டி வந்தால் எடுத்துத்தானே ஆகவேண்டும்? இது முதல் தடவையும் இல்லை. கூகுள் பிளஸ் என்று கூகுள் நடத்திய சமூக வலைத்தளக் கணக்கோடு இணைத்தால் எழுதியவரின் முகமே தேடல் முடிவில் தெரியும் என்று ஒரு மோகம் இருந்தது. 2014 ஜூனில் படங்களை எடுத்தார்கள், ஆகஸ்டில் திட்டத்தையே மூடினார்கள். அப்போது ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுச்சட்டையில் படம் எடுத்துக்கொண்டு வந்த ஒரு சோதிடரை எனக்குத் தெரியும்.

சரி, உங்களுக்கு என்ன செய்வது? ஒரு தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் வேறொரு பூக்கடையில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மாலை கட்டும் அம்மா வாழைநாரை விரலில் சுற்றியபடியே, தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பதில் சொல்வார். நான் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினெட்டு அழைப்பு. ஏழு பேர் கேட்டது, விடியற்காலை எத்தனை மணிக்குக் கடை திறப்பீர்கள். ஐந்து பேர், தண்ணீர்மலை அடிவாரத்துக்கே கொண்டுவந்து தருவீர்களா. மூன்று பேர், காவடிக்கு எத்தனை முழம் பிடிக்கும். மீதி மூன்று பேர் கடன்காரர்கள். "பினாங்கின் தலைசிறந்த மலர் அலங்காரச் சேவை எது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கடையின் தளத்தில் முதல் வரியோ அதுதான்.

உங்கள் கடையிலும் ஒரு காலை அப்படிக் கோடு போடுங்கள். வரும் கேள்விகளுக்கான பதில்களைத் தளத்தின் முதல் பக்கத்தில், மேலேயே, சாதாரண எழுத்தில் எழுதுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது வரைபடத்தில் தெரியும் உங்கள் கடைக் குறிப்பில், சிறப்பு நாட்களுக்கான கடை நேரத்தைத் தனியாகக் குறிக்க இடம் இருக்கிறது. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் அதை ஒரு வாரம் முன்பே நிரப்பிவிடுங்கள். தைப்பூசத்துக்கென்று ஒரு பக்கம் வைத்தால் ஆண்டுதோறும் புது முகவரியில் புதுப்பக்கம் திறக்காதீர்கள். ஒரே முகவரி, தேதியையும் விலையையும் மட்டும் மாற்றுங்கள். பழைய பக்கம் சேர்த்துவைத்த நற்பெயர் அப்படியே கூட வரும்.

வரைபடத்தோடு வரும் பட்டியலில் 2015-இலிருந்து ஏழுக்குப் பதில் மூன்று கடைகளைத்தான் காட்டுகிறார்கள். அந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கத் தேடலுக்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடையின் பிரபலம் ஆகியவற்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நீங்களும் மாற்ற முடியாது, 800 வெள்ளிக்காரரும் மாற்ற முடியாது.

தையற்கடைக்காரர், ஆயர் ஈத்தாம்: தேடுபொறிக்காகப் பக்கத்தின் பின்னால் மறைத்து எழுதும் மெட்டா கீவேர்டு எத்தனை போடலாம்? எனக்கு 30 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றும் வேண்டாம். முடிவுகளை வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதற்கும் காசு வாங்கியிருந்தால் உங்களுக்குப் பழைய காலண்டரை விற்றிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் பயிற்சி பெறுபவர், பாயான் லெப்பாஸ்: அக்கா, ஒரு மரச்சாமான் கடையின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று கணக்குக் காட்டும் சர்ச் கன்சோலில், 2025 செப்டம்பரில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் நம் பக்கம் தெரிந்த தடவை) எண்ணிக்கை மடமடவென்று சரிந்தது. நான் எதையும் தொடவில்லை. முதலாளி இன்றுவரை அந்தக் கோட்டைக் காட்டித் திட்டுகிறார். நான் என்ன தவறு செய்தேன்?

தங்கச்சி, நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. கூகுள் தேடல் முகவரியின் கடைசியில் ஒரு சிறு வாலை ஒட்டினால் முன்பு ஒரே பக்கத்தில் பத்துக்குப் பதில் நூறு முடிவுகள் வந்துகொண்டிருந்தன. மனிதர்கள் யாரும் அதை அதிகம் பயன்படுத்தியதில்லை. தளங்களின் தரவரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்களுக்குத்தான் அது வசதி. ஒரே தடவையில் நூறையும் அள்ளிக்கொண்டு போகும். 2025 செப்டம்பரில் அந்த வால் வேலை செய்வது நின்றுபோனது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் கடையின் அலமாரிப் பக்கம் ஏதோ ஒரு தேடலில் 74-ஆம் இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனை ஆழத்துக்கு எந்த வாடிக்கையாளரும் போவதில்லை. ஆனால் ஒரு மென்பொருள் நூறு முடிவையும் ஒரே பக்கத்தில் திறக்கும்போதெல்லாம் உங்கள் பக்கமும் திரையில் வந்ததாக ஓர் இம்ப்ரெஷன் விழுந்துகொண்டிருந்தது. இயந்திரம் எட்டிப்பார்த்ததெல்லாம் ஆள் பார்த்ததாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. வால் போனதும் அந்தப் பொய்க்கூட்டமும் போய்விட்டது.

முதலாளியிடம் ஒரே தாளில் மூன்று கோடுகளைப் போட்டுக் காட்டுங்கள். இம்ப்ரெஷன் இறங்கியிருக்கும். கிளிக் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சராசரி இடம் முன்னேறியிருக்கும், ஏனென்றால் அடியில் கிடந்த 74-உம் 86-உம் சராசரியில் சேரவில்லை. கைத்தொலைபேசி, மேசைக் கம்ப்யூட்டர் என்று பிரித்துப் பாருங்கள். சரிவு பெரும்பாலும் மேசைக் கம்ப்யூட்டர் பக்கம்தான் இருக்கும். மூன்றும் பொருந்தினால் விஷயம் முடிந்தது. கிளிக்கும் சேர்ந்து சரிந்திருந்தால் மறுபடியும் எழுதுங்கள். அது வேறு நோய்.

முதலாளி அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லையென்றால், அந்த மாதக் கடை விற்பனையையும் அதே தாளில் எழுதிக் காட்டுங்கள். வீட்டுக்குப் போன கட்டில்களின் எண்ணிக்கையை எந்த வாலும் கூட்டிக் குறைக்க முடியாது.

சமையல் குறிப்பு எழுதுபவர், பட்டர்வொர்த்: பத்து ஆண்டுகளாகச் சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி அதில் வரும் விளம்பர வருமானம். ஓராண்டுக்குள் வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். ஆனால் சர்ச் கன்சோலில் பல குறிப்புகள் முதலிடம், இரண்டாமிடம் என்றே காட்டுகின்றன. முதலிடத்தில் இருந்தும் ஏன் யாரும் வருவதில்லை? என் குறிப்பை ஏஐ எடுத்துக்கொள்ளாமல் தடுக்க முடியுமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இனிப்பான பதில் என்னிடம் இல்லை.

சனிக்கிழமை ஃபெர்ரியில் அந்தக் கரைக்கு வரும்போது, தோசை மாவு ஏன் பொங்கவில்லை என்று என் கைத்தொலைபேசியில் ஆங்கிலத்தில் தேடினேன். திரை முழுவதும் ஒரே பதில்: அரிசி இத்தனை பங்கு, உளுந்து இத்தனை பங்கு, வெந்தயம், வெதுவெதுப்பான இடம். ஓரத்தில் சங்கிலி போன்ற ஒரு குறி. அதைத் தொட்டால்தான் எங்கிருந்து எடுத்தது என்ற பட்டியல் விரியும். அதில் உங்கள் தளமும் இருந்தது. வழக்கமான முடிவுகளில் உங்களைப் பார்க்க மூன்று முறை கட்டைவிரலால் தள்ள வேண்டியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் திரையைக் காட்டி, "இதைப் படித்தபின் கீழே போவீர்களா?" என்று கேட்டேன். "பதில்தான் கிடைத்துவிட்டதே" என்றார்.

இதுதான் ஏஐ ஓவர்வியூ. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நூறு நாடுகளைத் தாண்டியது. 2025-இல் மலாய் மொழியும் சேர்ந்துகொண்டது. உங்கள் முதலிடப் புதிருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெட்டி முழுவதையும் ஒரே இடமாக எண்ணுகிறார்கள். அதற்குள் இருக்கும் எல்லா இணைப்புகளுக்கும் அந்த ஒரே எண்தான். பெட்டி உச்சியில் நின்றால், சங்கிலிக் குறிக்குள் மடிந்து கிடக்கும் உங்களை யாராவது விரித்துப் பார்த்ததும் நீங்களும் முதலிடம்தான். பெட்டி வந்தபோது சர்ச் கன்சோல் இதைத் தனியாகப் பிரித்தும் காட்டவில்லை. கல்யாணத்தில் முதல் பந்தியில் பெயர் இருக்கிறது. இலை போட்டது வேறொருவருக்கு.

இதற்கு முன்பும் 2014 வாக்கிலிருந்து, ஒரு தளத்தின் ஒரு பத்தியை எடுத்து மேலே பெட்டிக்குள் காட்டும் வழக்கம் இருந்தது. அதிலும் சிலர் படித்துவிட்டு நகர்ந்தார்கள். ஆனாலும் யாருடைய சட்டியிலிருந்து எடுத்த கரண்டி என்பது பளிச்சென்று தெரிந்தது. இப்போது ஏழெட்டுச் சட்டியைக் கலக்கி ஊற்றுகிறார்கள். எழுதியவருக்குக் கூலி குறைந்து, எடுத்துச் சொன்னவருக்கு நல்ல பெயர் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காகத் தளத்தை மூடுங்கள் என்றும் சொல்லமாட்டேன்.

தடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் பலர் குழம்புகிறார்கள். கூகுள்-எக்ஸ்டெண்டெட் என்ற பெயரை, எதை எடுக்கலாம் எதை எடுக்கக்கூடாது என்று இயந்திரங்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். 2023 செப்டம்பரில் வந்த அந்த வழி, கூகுளின் ஜெமினி போன்ற ஏஐகளைப் பயிற்றுவிக்க உங்கள் எழுத்தை எடுக்காதே என்று சொல்வதற்கு. தேடல் பக்கத்தின் ஏஐ பெட்டியை அது தொடாது. அந்தப் பெட்டியிலிருந்து விலக 'நோஸ்னிப்பெட்' என்ற கட்டளை வேண்டும். அதைப் போட்டால் வழக்கமான முடிவில் உங்கள் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கமும் போய்விடும். பெயர்ப்பலகை இருந்தும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாத கடை மாதிரி ஆகிவிடுவீர்கள். பக்கத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் இந்தக் கட்டளையைப் போடவும் வழி உண்டு. உங்களிடம் மட்டும் இருக்கும் சூட்சுமம் எந்தப் பத்தியில் இருக்கிறதோ, அதற்கு மட்டும் போட்டு இரண்டு மாதம் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரேயடியாகப் போடாதீர்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். இந்த மாதத்தைப் போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டு, எந்தெந்தக் குறிப்புகள் விழுந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். தளத்தைப் புரட்டிப் பார்த்த அளவில் என் ஊகம்: "உளுந்து என்றால் என்ன", "வெந்தயத்தின் பத்து நன்மைகள்" போன்றவை தரைமட்டமாகியிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவை நீங்கள் தேடுபொறிக்காக எழுதியவை. உலகத்தில் ஆயிரம் பேர் எழுதியதை இயந்திரம் ஒரே பத்தியில் சொல்லிவிடும். அந்த வகையில் இனி ஒன்றுகூட எழுத வேண்டாம்.

விழாமல் நிற்பவை எவை? கோயில் அன்னதானத்துக்கு 300 பேருக்குச் சாம்பார் வைக்கும் அளவு என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாத்திரக்கடையில் அந்த அண்டாவை வாடகைக்கு எடுத்தீர்கள், பருப்பை எத்தனை தவணையாக வேகவைத்தீர்கள், முதல் தடவை புளி கூடிப்போனதும் என்ன செய்தீர்கள் என்று எல்லாம் இருக்கிறது. நான் இரவு பதினொரு மணிவரை அதைப் படித்தேன். 300 பேர் இலையில் உட்காரப்போகும்போது யாரும் மூன்று வரிப் பெட்டியை நம்பிப் பருப்பை ஊறவைக்கமாட்டார்கள். உள்ளே வந்து கடைசிவரை படிப்பார்கள்.

தோசை மாவையும் அப்படியே திருத்தி எழுதுங்கள். பெட்டியில் வந்த பதில் குளிர்நாட்டுக்காரர்களின் கவலை: மாவு பொங்கவில்லை, ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கைப் போடு. நம் ஊரில் வம்பே தலைகீழ். பட்டர்வொர்த் புழுக்கத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி மேசையில் வழிகிறது, காலையில் புளிக்கிறது. "வழியாமல் இருக்க எப்போது அரைப்பது, எப்போது குளிர்பெட்டியில் வைப்பது" என்று உங்கள் சமையலறைக் கடிகாரத்தை வைத்து எழுதுங்கள். இன்னொன்று, தோசையை மலேசியாவில் ஆங்கில எழுத்தில் 'த' ஒலியில் தொடங்கி 'ஐ'யில் முடிக்கிறோம். இந்தியாவில் பெரும்பாலும் அப்படி எழுதுவதில்லை. நீங்கள் எல்லாத் தலைப்பிலும் இந்திய முறையைப் பின்பற்றியிருக்கிறீர்கள். இங்கே தேடுகிறவர் நம் முறையில்தான் தட்டுகிறார். தேடுபொறி இரண்டையும் ஒன்று என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஆனாலும் நம் எழுத்தைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர் என்று படிப்பவருக்குத் தெரியும்.

கடைசியாக, சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தின் பெயர் வரும் தேடல்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பெயர் சொல்லித் தேடி வருகிறவர்கள் உண்மையில் உங்களுடையவர்கள். அவர்களுக்கு வாரம் ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்குங்கள். அண்டா அளவுச் சமையலுக்கு ஆர்டரும் அங்கேயே எடுக்கலாம். விளம்பர வருமானம் பழைய அளவுக்குத் திரும்பும் என்று எண்ணி அடுத்த பருவத்துக் கல்லூரிக் கட்டணத்தைக் கணக்குப் போடாதீர்கள். இதை எழுத எனக்கும் கை வரவில்லை, ஆனால் கட்டணம் கட்டும் நாளன்று தெரிவதைவிட இன்று தெரிவது நல்லது.

வாழையிலை உணவகக்காரர், பிறை: கூகுளில் இலவசமாக ஒரு தளம் செய்துவைத்திருந்தோம். மெனு அட்டையில் அதன் முகவரியைத்தான் அச்சடித்திருக்கிறோம். வாடிக்கையாளர் திறந்தால் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள்.

ஐயா, அது போய் நாளாகிவிட்டது. பிசினஸ் புரொஃபைலுக்குள் செய்த அந்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியது. ஜூன் 10 வரை அந்த முகவரிக்கு வந்தவர்களை உங்கள் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள். அதன்பின் அதுவும் இல்லை. அந்தத் தளம் இனித் திரும்பாது. உங்கள் பெயரிலேயே ஒரு முகவரி வாங்குங்கள். டாட் மை என்று முடிவது வேண்டுமென்றால் அதை நிர்வகிப்பது மைனிக், பதிவுசெய்து தரும் முகவர்கள் இருக்கிறார்கள். ஒரே பக்கம் போதும். மெனுவைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகத் தட்டி, விலையோடு போடுங்கள். வெள்ளிக்கிழமை சைவம் மட்டும் என்றால் அதையும் எழுதுங்கள். புரொஃபைலில் பழைய முகவரி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் அதை மாற்றுங்கள். மெனு அட்டையை மறுபடி அச்சடிக்க வேண்டாம். புது முகவரியைச் சின்ன ஸ்டிக்கராக அடித்து ஒட்டிவிடலாம். அச்சகக்காரியாக இருந்தவள் சொல்கிறேன், மினுமினுப்பான அட்டையில் சாதாரண ஸ்டிக்கர் ரசம் பட்டால் உரிந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்டிக்கராகக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நிபோங் திபால்: 2001-இல் என் மாணவர் ஒருவர் உதவியோடு, இந்த வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை இணையத்தில் ஏற்றினேன். துண்டாடலின்போது, அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, யார் யார் எங்கே போனார்கள் என்று முதியவர்களிடம் கேட்டு எழுதியது. தமிழில் தேடினால் என்றைக்குமே வந்ததில்லை. இப்போது கட்டணம் கட்டத் தவறியதால் தளமும் நின்றுவிட்டது. முன்பு கூகுள் சேமித்துவைத்த நகலைப் பார்க்க ஓர் இணைப்பு இருக்குமே, அதையும் காணோம்.

ஐயா, நகலிலிருந்து தொடங்குவோம். அந்த இணைப்பை 2024 தொடக்கத்தில் கூகுள் எடுத்துவிட்டது. இணையம் மெதுவாக இருந்த காலத்தில், தளம் திறக்காவிட்டால் உதவட்டும் என்று வைத்ததாம். இனித் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். ஆனால் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷின் இருக்கிறது. உங்கள் பழைய முகவரியை அங்கே கொடுத்துப் பாருங்கள். ஆண்டுவாரியாக நாட்காட்டி வரும். புள்ளியிட்ட தேதிகளில் நகல் இருக்கும். இருந்தால் இன்றைக்கே ஒவ்வொரு பக்கமாகச் சேமித்துவையுங்கள். அதுவும் இன்னொருவர் வீட்டுப் பரண்தான்.

தமிழில் தேடி ஏன் வரவில்லை என்பதற்கு உங்கள் எழுத்தில் குறையில்லை, எழுத்துப் பெட்டியில் குறை. நான் வேலை பார்த்த அச்சகத்தில் மரப்பெட்டியில் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். இந்த அறையில் 'க', அந்த அறையில் 'ங'. கோப்பவர் அறையைப் பார்த்துத்தான் எடுப்பார், எழுத்தைப் பார்ப்பதில்லை. தேடுபொறியும் அப்படியே. 2001-இல் நம்மில் பலர் தட்டச்சு செய்த எழுத்துருக்கள், வேறு மொழி எழுத்துக்களுக்கு உரிய அறைகளில் தமிழைப் போட்டுவைத்திருந்தன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். தேடுபொறிக்கோ தலைமேல் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்களின் குப்பைதான் தெரியும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடில் தமிழுக்கென்றே தனி அறைகள் இருக்கின்றன. அதற்கு மாற்றினால்தான் உங்கள் 'தோட்டம்' தோட்டமாகும். கோலாலம்பூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டச்சு செய்ததாக நினைவு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றமாக (எந்த எழுத்து எந்த அறையில் என்ற ஒழுங்கு) இருக்க வாய்ப்பு அதிகம். அதை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றியபின் கண்ணால் பார்க்காமல் ஏற்றிவிடாதீர்கள். மாற்றி சரியாக வேலை செய்தாலும் மூலத்தில் தட்டச்சு செய்தவர் விட்ட பிழை அப்படியே வரும். 'ஔவையார்' என்பதை 'ஒ' தட்டிப் பிறகு 'ள' தட்டி 'ஒளவையார்' என்று பலர் வைத்திருப்பார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடுபொறிக்கு ஒன்று கிழவி, மற்றொன்று 'ஒளவையார்' என்ற யாரோ ஒருவர். 'கௌரி' இருக்கிறாளே, அவளும் 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டாகப் பிளந்து கிடப்பாள். தோட்டங்களில் எத்தனை கௌரிகள் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பேத்தி தன் பாட்டியின் பெயரைத் தேடும்போது வர வேண்டும். தமிழ் எண் '௧' என்பதை 'க' என்று நினைத்துத் தட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு, ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனிப்பக்கம் கொடுங்கள். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம் மக்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று, இன்று அங்கே எழும்பியிருக்கும் வீடமைப்புப் பகுதியின் மலாய்ப் பெயர் ஒன்று. மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மூன்று தலைமுறையும் மூன்று விதமாகத் தேடும். பழைய படங்களுக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று எழுத்தில் போடுங்கள். உங்கள் முதியவர்கள் சொன்னதை எந்தப் பெட்டியும் வேறு எங்கிருந்தும் கலக்கி எடுக்க முடியாது, ஏனென்றால் அது வேறு எங்கும் இல்லை.

வேபேக்கில் எது கிடைக்கிறதோ அதில் ஒரு பக்கத்தை மட்டும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், என்ன குறியேற்றம் என்று பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் வேண்டாம். ஔவையாரையும் கௌரிகளையும் நானே கையால் திருத்தித் தருகிறேன். எழுத்துக் கோத்த கைக்கு அது பழகிய வேலை.